நான் ஓட்டை விற்கிற ஆள்

இரும்பை விற்றுவிடலாம், இரும்பில் போட்ட ஓட்டையை விற்பதுதான் சீவன் போகிற வேலை. லண்டனில் சட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் நான் அதைத்தான் செய்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று உழைத்த எவருக்கும், அது மீன் கடையோ போன் கடையோ, நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நின்று நின்று எனக்கு இடுப்பு நாரி வலிக்கிறது என்றால் உங்களுக்கும் வலிக்கும்.

துப்பாக்கிக் கடை, எங்கள் ஊர்ப் பேச்சில் துவக்குக் கடை, என்றதும் எழும்பி ஓட வேண்டாம். இந்த நாட்டில் பொலிஸ் வீட்டுக்கு வந்து அலுமாரி முதல் ஆள்வரை பார்த்து அனுமதி கொடுத்தால்தான் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். பிறகு கிளப்புக்குப் போய்க் காகித அட்டையைச் சுடலாம். எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு லீவர் துப்பாக்கியில் பைத்தியம். கௌபாய் படங்களில் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துப் படபடவென்று சுடுவார்களே, அதுதான். அதன் குழல்மேல் கம்பனிக்காரன் வைத்து அனுப்பும் பின்குறி ஒரு சின்னத் தகடு, நடுவில் ஒரு பள்ளம். வயது ஏற ஏற அந்தப் பள்ளம் கண்ணுக்குப் புகை மாதிரி ஆகிவிடும். அதற்கு மருந்துதான் என் பகுதியில் இருக்கும் பீப் சைட். கண்ணுக்குக் கிட்டவாகப் பொருத்துகிற, ஓட்டை போட்ட ஒரு குட்டித் தட்டு. ஓட்டைக்குள்ளால் குழல் நுனியில் உள்ள முன்குறியை மட்டும் பார்த்தால் போதும், ஓட்டையைப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே என் தலைமயிர் போய்விட்டது.

ஒருவருக்கு மட்டும் தெரிந்த திறப்பு

அருளப்பு அண்ணையை எனக்குக் கோயிலில் பழக்கம். மன்னார்க்காரர், கோலியர்ஸ் வுட்டில் வீடு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து, குசுகுசுத்த குரலில், தன்னுடைய துப்பாக்கியின் பின்குறியில் ஏதோ பழுது, பள்ளம் இரண்டாகத் தெரிகிறது என்றார். பழுது தகட்டில் இல்லை, கண்ணில் என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கித்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் தகட்டையே குறை சொல்லிக்கொண்டு நின்றோம்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. துப்பாக்கி இருக்கும் இரும்பு அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, அனுமதிக்காரரிடம் மட்டும்தான் இருக்கலாம், வேறு எவருக்கும் அது இருக்கிற இடம்கூடத் தெரியக் கூடாது. அது சட்டம். வீட்டில் உள்ள ஊசி நூல் முதல் மனுசனின் வங்கிக் கார்ட்வரை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த அவருடைய மனைவி பிலோமினா அக்காவுக்கு, அந்தத் திறப்பு மட்டும் தெரியாது. அந்தக் கோபம் வருடக்கணக்காகக் கொதித்து, இப்போது படிக்குக் கீழே அலுமாரி நிற்கிற இடத்தில் தனக்கு ஒரு பெரிய ப்ரீசர் வைக்க வேண்டும் என்று வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு பந்தயம். வருகிற ஞாயிறு கிளப் போட்டியில் அவருடைய பத்து வெடியும் கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று தவறினாலும் துப்பாக்கியை விற்றுவிட வேண்டும்.

"விட்டுவிடுங்களேன் அண்ணை" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸையும் விட்டாச்சு தம்பி. இதையும் விட்டா நான் வீட்டில சும்மா இருக்கிற ஒரு சாமான். ப்ரீசராவது குளிர் குடுக்கும்."

துடைப்பத்துக்கு வந்த வாழ்வு

அதே வாரத்தில்தான் கார்த்திக் வந்தார். சென்னைப் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, குட்மேய்ஸிலிருந்து ரயில் மாறி மாறி வருபவர். கிளப்பில் இன்னும் புது ஆள், அனுமதி வரவில்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் சைட் வாங்க அனுமதி தேவையில்லை என்று எங்கேயோ வாசித்துவிட்டு, இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை வாங்கிப் போயிருந்தார். இப்போது அதைத் திருப்பிக் கொண்டுவந்து, "சரியா செட் ஆகலை சார்" என்றார்.

எதில் செட் ஆகவில்லை என்று கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவிதான் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே ஒரு துடைப்பம். அதன் கட்டையில் கறுப்பு டேப் சுற்றி எங்கள் சைட். துடைப்பத்தின் நுனி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு வாழைப்பழக் காந்தத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தில் முன்குறி இல்லையே, எதை எதோடு சேர்த்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டார்: "ஒரு வாரமா வீடு கூட்டலைங்க. துடைப்பத்தைத் தொட்டாலே 'ஐயோ, செட்டிங் மாறிடும்'னு கத்துறார்."

இருட்டு

அருளப்பு அண்ணைக்கு நான் நடுத்தர ஓட்டை உள்ள தட்டைத்தான் எடுத்து வைத்தேன். அவர் இருந்ததிலேயே சின்ன ஓட்டையைத்தான் தூக்கினார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. சின்ன ஓட்டை என்றால் நுணுக்கம், நுணுக்கம் என்றால் நல்லது. வெயில் கொளுத்தும் ஊரில் அது சரிவரலாம். மதியத்திலேயே லைட் போடுகிற லண்டன் மாசி மாதத்தில், அதுவும் கிளப்பின் பழைய தகரக் கூரைக்குக் கீழே, சின்ன ஓட்டைக்குள்ளால் என்ன வெளிச்சம் வரும்? சொன்னேன். கேட்கவில்லை. பஸ்ஸிலும் அவர் பின்னால் இருந்து யாரும் சொல்வதைக் கேட்டிருக்க மாட்டார்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். முகம் கறுத்துக் கிடந்தது. எப்படி அண்ணை என்று கேட்டேன். தட்டைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்குள்ளால பாத்தன் தம்பி, ஒரே இருட்டு. என்ர பாவங்கள் மட்டும்தான் வடிவாத் தெரிஞ்சுது."

டெரியின் பெரிய மனது

டெரி ஒரு குழாய் திருத்துநர், வெள்ளைக்காரர், அருளப்பு அண்ணையின் கிளப்தான். அவருக்கும் ஒரு பீப் சைட் விற்றிருந்தேன். அடுத்த நாளே வந்து, இந்தச் சனியனை வைத்துக் குறிபார்ப்பதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்துத் தேநீரும் குடித்துவிடுகிறார்கள் என்று சத்தம் போட்டார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். புது ஓட்டை பின்னால் இருக்கிறது. முன்குறி முன்னால் இருக்கிறது. நடுவில் குழல்மேல் பழைய பள்ளத் தகடும் அப்படியே குந்திக்கொண்டிருக்கிறது. மனிதர் மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். மூன்று பிள்ளைகளை ஒரு படத்துக்கு ஒழுங்காக நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

புதிது பூட்டினால் பழையதைக் கழற்ற வேண்டும், அது குறுக்கே நிற்கிறது என்றேன். டெரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்: "புதிது வந்தவுடன் பழையதை வெளியே போடுகிற ஆள் இல்லை நான். என் மனைவியைக் கேட்டுப் பார்."

ரோல்ஸும் ஒரு வேண்டுகோளும்

வெள்ளிக்கிழமை கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரைக் கண்டதும் நான் கவுண்டரை அவசரமாகத் துடைக்கத் தொடங்கினேன். பிலோமினா அக்கா. கையில் ஒரு டப்பா, உள்ளே சூடான ஆட்டிறைச்சி ரோல்ஸ். கோயில் திருநாளில் ரோல்ஸ் யாருக்கு எத்தனை என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டவன் வெறும் தேநீரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டப்பாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, சுற்றிவளைக்காமல் விசயத்துக்கு வந்தார். "தம்பி, இவருக்கு நல்லதாப் பாத்துக் குடுக்காதேங்கோ. ஒரு மட்டமானதைக் குடுத்துவிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமையோட இந்தக் கரைச்சல் முடியட்டும்."

நான் ரோல்ஸையும் பார்த்தேன், அருளப்பு அண்ணைக்கென்று எடுத்து வைத்திருந்த நடுத்தரத் தட்டையும் பார்த்தேன். அக்காவும் அதைக் கண்டுவிட்டார். "இந்தச் சட்டைப் பொத்தானுக்கோ இவ்வளவு பாடு?" என்று அதை எடுத்து, மனுசனைப் பழிக்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி மற்றக் கண்ணில் பிடித்தார். எதிரே துப்பாக்கி எண்ணெய்ப் போத்தல் நின்றது. அதன் பின்பக்கத்து எழுத்து எறும்புக்கும் வாசிக்கக் கஷ்டமானது. அக்காவின் கண்ணாடி காரில் கிடந்தது. "பிள்ளைகளுக்கு... எட்டாத... இடத்தில... வைக்கவும்" என்று அந்த இங்கிலீசை எழுத்துக் கூட்டித் தமிழில் சொன்னார். தட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் பிடித்தார், தெரிந்தது. ஓட்டை செய்கிற வேலையே அதுதான், சிதறி வருகிற வெளிச்சத்தை வெட்டிவிட்டால் மங்கல் கண்ணுக்கும் எழுத்துத் தெளியும். கைப்பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தார், ஒரு பக்கம் வாசித்தார்.

"இவர் இதுக்குள்ளாலயோ பாக்கிறவர்?" என்று கேட்டார். கண்ணுக்குக் கிட்டவுள்ளது தெரியாதவர்களுக்குத்தான் இது பெரிய உதவி என்றேன். பிலோமினா அக்கா தட்டைக் கவுண்டரில் மெதுவாக வைத்தார். "துவக்குப் பழுது, துவக்குப் பழுது எண்டு எத்தினை நாளாச் சொன்னவர். தனக்குக் கண் தெரியேல்லை எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே, மனுசன்."

பத்தாவது வெடி

ஞாயிறு பூசை முடிந்து கிளப்புக்குப் போனேன். நானும் அங்கே உறுப்பினன்தான். நடுத்தரத் தட்டைப் பூட்டிக்கொண்டு அருளப்பு அண்ணை வரிசையில் நின்றார். அவருக்கு வலப்பக்கத்தில் டெரி, பழைய தகடு ஒருவழியாகக் கழன்றிருந்தது. பின்னால் பார்வையாளர் குந்துகிற நீள வாங்கில் பிலோமினா அக்கா, காதுக்கு மேல் பெரிய காதடைப்பு, மடியில் கைப்பை. தூரக்கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, கறுப்பு. இரண்டு, கறுப்பு. ஒவ்வொரு வெடிக்கும் வளையத்தைத் தள்ளி இழுப்பதில் அந்த மனுசனுக்குப் பத்து வயது குறைந்தது. ஒன்பதும் கறுப்பு. பத்தாவதைச் சுட்டார். அட்டையில் ஒன்றையும் காணவில்லை.

டெரியின் அட்டையில்தான் பத்துக்குப் பதில் பதினொரு ஓட்டை இருந்தது. அந்தப் பதினோராவது கறுப்பின் நட்ட நடுவில் இருந்தது. டெரி இந்த ஜென்மத்தில் அந்த இடத்தில் சுட்டதில்லை. பொறுப்பாக நின்ற அதிகாரி, பக்கத்து அட்டையில் விழுந்தால் சுட்டவருக்குப் பூச்சியம் என்றார். அருளப்பு அண்ணை துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி மேசையில் வைத்துவிட்டு, அதன் மரப்பிடியில் கையை வைத்தபடி நின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லா அட்டையும் வடிவாத் தெரிஞ்சுது தம்பி. இவ்வளவு காலமும் ஒண்டுதான் தெரியும், அதுவும் அரைகுறை. இண்டைக்கு எல்லாம் தெரிஞ்சதில எது என்ர எண்டு மறந்துபோனன்."

பிலோமினா அக்கா வாங்கிலிருந்து எழும்பி வந்தார். அதிகாரியிடம் ஆங்கிலத்தில், அது கறுப்புக்குள் விழுந்ததா என்று மட்டும் கேட்டார். விழுந்தது, ஆனால், என்று அவர் ஆரம்பிக்க, அக்கா கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பிறகு மனுசன் பக்கம் திரும்பினார். "பத்தும் கறுப்புக்குள்ள விழவேணும் எண்டுதான் நான் சொன்னனான். ஆருடைய கறுப்பு எண்டு சொல்லேல்லையே."

அருளப்பு அண்ணை கண்ணைத் துடைத்தார், வெடிப்புகை என்றார். "அப்ப ப்ரீசர்?" என்று பயந்து பயந்து கேட்டார். அக்கா அதற்கும் விடை வைத்திருந்தார். மனுசன் காலமெல்லாம் இருந்து டிவி பார்க்கும் சாய்கதிரை நிற்கிற மூலை ப்ரீசருக்கு நல்ல அகலம், பக்கத்திலேயே பிளக்கும் இருக்கிறது. "திறப்பு உங்களோடயே கிடக்கட்டும். கதிரை வெளியால போகுது. நாளைக்குக் காலமை கண் டொக்டரிட்டப் போறம், நானும் வாறன்."

ஆக, இத்தனை காலம் நான் விற்ற ஓட்டைகளில் குறை சொல்லித் திரும்பி வராதது ஒன்றே ஒன்றுதான், அதுவும் எந்தத் துப்பாக்கியிலும் இல்லை, பிறகு பிலோமினா அக்கா தனக்கென்று வாங்கியது, அவருடைய கைப்பையில் செபப் புத்தகத்தோடு கிடக்கிறது.