தொப்ரினாவின் ‘உ’

பல்கேரியாவில் எங்கள் ஊரான கப்ரோவோவில் ஒரு பேச்சு கிளம்பியது. உள்ளூர் வானொலியில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டும் தொப்ரினா, தன் மவுசுக்கு மேசைமீது தண்டவாளம் போட்டிருக்கிறாராம். இடமும் வலமும் ஓடுமாம், மேலும் கீழும் அசையாதாம். சொன்னவர் ரொட்டிக்கடைக்காரர். அவர் சொல்வதில் பாதி எப்போதும் உண்மை. எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. நேரில் போனேன்.

தண்டவாளம் இல்லை. காப்பிக் கறை படிந்த மேசையும், ஐம்பத்தெட்டு வயதுத் தொப்ரினாவும், இரண்டு வருடமாக நடுங்கும் அவருடைய வலது கையும்தான் இருந்தன.

அவர் திரையில் இரண்டு வரிசைகள். மேலே பாட்டு, கீழே அறிவிப்பு. பாட்டுத் துண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் நேரம் மாறும். கை கொஞ்சம் தாழ்ந்தால் துண்டு கீழே விழுந்து அறிவிப்போடு கலந்துவிடும். போன மாதம் அப்படித்தான் ஓர் இரங்கல் செய்திக்குப் பின்னால் கல்யாணப் பாட்டு கும்மாளமிட்டது. இறந்தவரின் மனைவி போன் செய்து, அது என்ன பாட்டு என்று ஆசையாக விசாரித்தார். நிலைய மேலாளர் லியுத்மிலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“இன்னொரு தடவ வழுக்குச்சுன்னா, அக்கா, நீங்க வரவேற்பு மேசைக்குப் போயிடணும்.”

“அங்க உக்காந்து என்ன பண்ண?”

“வர்றவங்கள வரவேத்துக்கிட்டு இருங்க.”

“இங்க யாரு தம்பி வர்றாங்க?”

தொப்ரினா அன்றே ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தார். ஒரு விசையை அழுத்தியிருக்கும்வரை, கை எங்கே அலைந்தாலும் திரையில் ஓடும் மவுஸ் அம்பின் உயரத்தைக் குறிக்கும் எண் மாறக்கூடாது. பக்கவாட்டு எண் மட்டும் மாறலாம். அவ்வளவுதான். இரண்டு நாள் பார்த்தார், ஓடவில்லை. மூன்றாம் நாள், “இதுல தப்பக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு பாலாடைக்கட்டி வச்சு ஒரு தட்டு பனிட்சா சுட்டுத் தர்றேன்!” என்று அறையே கேட்கச் சொல்லிவிட்டு, வரிகளை வாய்விட்டுப் படித்தார்.

“‘உ’ மாறாதே… ‘உ’ மாறாதே…”

அந்தப் பக்கம் போன லியுத்மில் நின்றார். “எந்த ‘உ’ அக்கா?”

“இந்தா, இந்த ‘உ’தான். உயரத்துக்கு.”

“அய்யோ, அது ஆங்கில ஒய்யா இருக்கணும்! நீங்க நம்ம எழுத்துல அடிச்சு வச்சிருக்கீங்க!”

எங்கள் சிரிலிக் எழுத்தில் ‘உ’ ஒலிக்கான ‘у’வும் ஆங்கில ஒய்யும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்; கணினிக்கு மட்டும் யாரோ எவரோ. பக்கவாட்டுக்கான எக்ஸிலும் எங்கள் ‘ஹ’ எழுத்து புகுந்து அதே கூத்து நடந்திருப்பதைத் தொப்ரினாவே பார்த்துவிட்டார். இரண்டையும் மாற்றினார். ஓடியது.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நாற்பது துண்டுகள். லியுத்மில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கை ஆடியது, அம்பு பிடித்த உயரத்திலேயே போனது.

“கீழ எறங்கவே மாட்டேங்குதே!”

“நீ என்ன, எறங்கணும்னு வேண்டிக்கிட்டியா?”

தொப்ரினா அதே மேசையில்தான் இருக்கிறார். பனிட்சாதான் வந்தபாடில்லை. முழுத் தட்டு தன்னுடையது என்கிறார் லியுத்மில். “ரெண்டு எழுத்துல நீ பாத்தது ஒண்ணு. பாதித் தட்டுதான்,” என்கிறார் தொப்ரினா. பாதித் தட்டை எப்படிச் சுடுவது என்று நேற்றுவரை இருவருக்கும் விளங்கவில்லை.