முகமில்லாத பொம்மைக்கு முக்காடு

மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தி முக்காடு போட்டுவிடுவதுதான் நான் செய்த தொழில். கட்டுகஸ்தோட்டையிலும் கண்டியைச் சுற்றிய ஊர்களிலும் நான் உடுத்திவிட்ட பெண்கள் இன்று பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆட்களோடு அதிகம் பேசவும் மாட்டேன். இந்த வேலையை எங்கே பழகினாய் என்று கேட்பவர்களிடம் அகப்பையில் பழகினேன் என்றால் சிரிப்பார்கள். நடந்தது அதுதான்.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட. வாப்பாவுக்குச் சின்னதாக ஒரு புடவைக்கடை இருந்தது. வெட்டு மிச்சமெல்லாம் எனக்கு வந்துவிடும். பொம்மை வாங்கித் தரும் வழக்கம் வீட்டில் இல்லை. உம்மா ஒரு பழைய சிரட்டை அகப்பையைத் தந்தார். சிரட்டை தலை, பிடி உடம்பு. அடுப்புக்கரியால் அதற்குக் கண் வரையப் போனேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முகம் வெக்கிறது நம்மட மார்க்கத்தில ஆகாது மகள். உடுப்பு எவ்வளவு வேணுமெண்டாலும் போடு.”

முகம் கூடாது என்றதும் மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அலுத்துப்போனது. எனக்கு அங்கேதான் ஆசை பிடித்தது. கண்ணும் வாயும் இல்லாத ஒன்று வெட்கப்படுகிறதா, பெருமையாக நிற்கிறதா என்பதைத் துணியிலேயே காட்டலாம் என்று கண்டுகொண்டேன். முக்காட்டை முன்னே இழுத்தால் புதுப்பெண். கொஞ்சம் பின்னே தள்ளினால் வீட்டுக்கு மூத்த மருமகள். சிரட்டை வழுவழுப்பானது, பட்டுத் துண்டு அதில் நிற்காது. துணியைக் குத்தி நிறுத்தும் குத்தூசியைச் சின்னப் பிள்ளையிடம் யார் தருவார்கள்? கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் உள்ளே ஒரு பருத்தித் துண்டை இறுக்கிச் சுற்றி அதன் மேல் பட்டைப் போட்டேன். பருத்தி பட்டைப் பிடித்துக்கொண்டது.

“அகப்பைக்குக் கலியாணமா? மாப்பிள்ளை ஆரு, உலக்கையா?” என்பார் பக்கத்து வீட்டு மாமி.

அவருடைய மகள் என் தோழி. “உலக்கை வேணாம் உம்மா, மத்து ஈக்குது. மெலிஞ்ச மாப்பிள்ளை,” என்பாள்.

பிள்ளைகள் விளையாடுவதை வீண் வேலை என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். வாதாட எனக்கு வராது. ஆனால் என் சோறு அந்த விளையாட்டிலிருந்துதான் வந்தது.

நாங்கள் வளர்ந்த பிறகு வாப்பா மௌத்தாகிவிட்டார். கடை எனக்கு மூத்தவரான நானாவின் கைக்கு வந்தது. வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. ஒருநாள் நானா உம்மாவிடம், “கெலிஓயாவில சாச்சிக்குக் குசினிக்கு ஒரு ஆள் வேணுமாம். சும்மா ஈக்கிறத விட இவ அங்க போகட்டும்,” என்றார்.

சாச்சி உம்மாவின் தங்கைதான், ஆனாலும் அங்கே போனால் என் காலம் அடுப்படியிலேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோழியின் கலியாணம் முடிந்ததும் என்னை அனுப்புவதென்று முடிவானது.

கலியாணப் பெண்ணுக்கு உடுத்திவிட மாமி டவுனிலிருந்து ஆள் கூப்பிட நினைத்தார். மகள் விடவில்லை. “அவ உடுத்தினாத்தான் நான் உடுப்பேன்,” என்று ஒரே பிடியாக நின்றாள்.

கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தன்றுதான் கொண்டுவருவார்கள். மாப்பிள்ளையின் உம்மா அதைத் தம் கையாலேயே பாயில் விரித்தார். அவர் தம் கலியாணத்தில் உடுத்தியது, பிறகு மூத்த மருமகள்மார் உடுத்தியது. கனத்த சரிகை.

“ஒரு குத்தூசியும் படக்கூடாது. பட்டு கிழிஞ்சி போகும்,” என்றார்.

மாமியின் முகம் கறுத்தது. தோழியின் முடியோ எண்ணெய் பூசி வழுக்கியது. அவள் என் காதில், “சபையில முக்காடு விழுந்தா நான் செத்தேன்,” என்றாள்.

நான் மாமியைப் பார்த்து மெதுவாக, “பழைய பருத்தித் துணி ஒண்டு தாங்க,” என்றேன்.

“கலியாணப் பொண்ணுக்குப் பழந்துணியா? ஒனக்குப் பைத்தியமா புள்ள?”

“குடுங்களேன், பார்ப்பம்,” என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

துணியைக் கிழித்து, நெற்றிக்கு மேலே தெரியாதபடி சுற்றிப் பிடரியில் முடிந்தேன். சிரட்டைக்குச் செய்தது போலத்தான். ஆனால் இந்தக் கூறையின் கனம் தலையில் தொங்கினால் எந்தத் துணியாலும் பிடிக்க முடியாது. அதனால் கனத்தையெல்லாம் தோளில் மடித்து அமர்த்தி, மிச்சத்தைத் தளர்வாகத் தலைக்கு எடுத்தேன். எனக்கு வாய்தான் நடுங்கும், கை நடுங்காது.

“குனிஞ்சு ஸலாம் சொல்லு மகள்,” என்றார் மாப்பிள்ளையின் உம்மா. தோழி குனிந்து நிமிர்ந்தாள். முக்காடு அசையவில்லை.

“இன்னொருக்கா.”

மறுபடியும் குனிந்தாள். மூன்றாம் முறை சொன்னபோது மாமியாரைப் பார்த்து, “மாமி, முக்காடு விழாது. என்ட இடுப்புத்தான் விழப்போகுது,” என்றாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தம்மாவும் சிரித்தார்.

பிறகு அவர், கலியாணத்துக்கு வந்திருந்த என் உம்மாவிடம், “ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு எங்கட இளைய மகள்ட கலியாணம், அம்பிட்டியவில. இந்தப் புள்ளைய அனுப்புவீங்களா? சும்மா இல்ல, கூலிக்குத்தான்,” என்று கேட்டார்.

உம்மா தயங்கினார். “இவ கெலிஓயாவுக்குப் போறா, சாச்சி வீட்டுக்கு...”

“நான் அங்க போகல்ல உம்மா,” என்றேன். “அம்பிட்டியவுக்குப் போறேன்.”

அவ்வளவு பேருக்கு முன்னால் பேசியது நான்தானா என்பது போல உம்மா என்னையே பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் உம்மா பக்கம் திரும்பினார்.

“கூறைய மாப்பிள்ளை வீட்டுல சொல்லிக் கலியாணத்துக்கு முதலே எடுத்து அனுப்பி வெயுங்க. இவ துணியத் தொட்டுப் பார்க்கணும்.”