டீச்சர் வீட்டுக்காரர்

நானும் என் மனைவியும் கோவில்பட்டி நூலகத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து அரசு வேலைக்குப் படித்தவர்கள். அவள் ஆசிரியர் தேர்வு எழுதினாள், முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் குரூப் ஃபோர் எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். வயது வரம்பு தாண்டிய பிறகுதான் நிறுத்தினேன். அவள் அப்பா எவ்வளவோ தடுத்தும் அவள் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதம் நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் பிரிவுக்கு சூப்பர்வைசராகப் போனேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் லீவு. எனக்கு வந்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. தெருவில் எனக்குப் பெயரும் இல்லை, டீச்சர் வீட்டுக்காரர்தான். ஆபீசிலும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பண்டல் கட்டும் பெண்கள் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, சாதிச் சான்றிதழ் வாங்குவது என்று எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அதிகம் கேட்டவள் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்கியவள், புருஷன் இல்லை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரே அறை உள்ள வீடு. ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பசுவந்தனைப் பக்கம் அண்ணன் வீட்டுக் கரிசல் காட்டில் உளுந்துக்குக் களையெடுக்கப் போய்விடுவாள். மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் வாங்கும் வேலையை என் மனைவிக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். மழைக்காலம். கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வரும். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அதைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"லைனுக்கு அந்தப் பக்கத் தெருவுல ஆறு வீடு. மூணு தடவை போயிட்டேன், பூட்டியே கெடக்கு. ஞாயித்துக்கெழமையும் ஆளில்ல. ஒரு பாரத்த நெரப்பித் தாரதுக்கு இவியளுக்கு நேரமில்ல. பொறவு ஓட்டு இல்லன்னு வந்து நிப்பாவ."

செருப்பைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"உங்க ஆபீஸ் பொம்பளைய யாராச்சும் அந்தத் தெருவுல இருக்காவளா?"

அன்று மத்தியானம் லோடு ஏற்றத் தாமதமானதற்காக முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். படித்தவன்தானே, இதுகூடத் தெரியாதா என்று கேட்டிருந்தார். என் மனைவி 'இவியளுக்கு' என்று சொன்னபோது, அந்த வார்த்தைக்குள் நானும் இருப்பதாக எனக்குப் பட்டது.

"எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்கு வாரவுககிட்ட வெலாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றேன்.

எனக்குத் தெரியும். அந்த ஆறு வீட்டுப் பெண்களும் எங்கள் ஆபீசில்தான் இருந்தார்கள். ஏழு மணிக்குத்தான் அவர்களை நான் வெளியே விடுவேன். அந்த வீடுகளைப் பூட்டி வைத்திருந்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

பிறகு வரைவுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். பெயர் விடுபட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்றாள் என் மனைவி. சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சொன்னால் ஆறு பேரும் ஒரு நாள் லீவு கேட்பார்கள், முதலாளியிடம் நான்தான் போய் நிற்கவேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். கடைசித் தேதியும் போய்விட்டது.

பிரச்சாரம் சூடு பிடித்ததும் ஒரு கட்சியின் ஆட்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு அரசாங்க வேலை என்று மைக்கில் சொன்னார்கள். அக்கா தூக்குவாளியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு வேலைன்னு சொல்லுதாவளே, நெசந்தானா?"

எத்தனை காலி இடத்துக்கு எத்தனை பேர் மோதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் இளமை அதில்தான் போனது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பாப்போம்க்கா. மொதல்ல ஜெயிக்கட்டும்."

"அப்ப நாம போட்டாத்தான ஜெயிப்பாவ," என்றாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் இன்னொன்றும் கேட்டாள். "எங்க தெருவுல ஆறு வீட்டுக்கு மட்டும் பூத்து சிலிப்பு வரல அண்ணாச்சி."

நான் பண்டல் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓட்டு கார்டு இருக்குல்லா? அது போதும்," என்றேன். ஆறு வீடு என்று அவள் சொன்னது அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அதை நான் பரீட்சைக்கே மனப்பாடம் செய்தவன். முதலாளி மத்தியானம்வரை வேலை என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணிக்குப் பெண்கள் கைகால் கழுவி, பையில் கொண்டுவந்திருந்த சேலைக்கு மாறினார்கள். அக்கா கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போவது போலக் கிளம்பினார்கள்.

பள்ளிக்கூடத்தில் வெயிலுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு மேஜை, அதில் பட்டியலோடு என் மனைவி. நான் ஆண்கள் வரிசையில் நின்றேன். அக்கா மேஜைக்குப் போய்க் கார்டை நீட்டினாள். என் மனைவி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஒங்க பேரு இல்லக்கா. எடுத்துட்டாவ. மூணு தடவை வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு."

"கார்டு இருக்கே டீச்சர்."

"கார்டு இருந்தாலும் லிஸ்டுல பேரு இருந்தாத்தான் போட முடியும்."

"கார்டு போதும்னு டீச்சர் வீட்டுக்காரருதான் சொன்னாவ," என்றாள் அக்கா. "ஒங்க வீட்டுக்காரருதான் டீச்சர். அவிய ஆபீஸ்லதான் நாங்க ஆறு பேரும் பண்டல் கட்டுதோம்."

என் மனைவி தலையைத் தூக்கி வரிசையில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பட்டியலுக்குள் குனிந்துகொண்டாள்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அட்டை வேறு, பட்டியல் வேறு, இனி எந்தப் படிவம், யாரிடம் கொடுக்கவேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இம்புட்டும் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி ஒங்களுக்கு," என்றாள். அதில் கோபம் இல்லை. மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு ரயில்வே லைன் பக்கம் நடந்தாள். நான் திரும்பவும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன்.

அன்று இருட்டும் நேரத்தில் நானும் மனைவியும் வீட்டுக்கு நடந்தோம்.

"அன்னைக்குக் கேட்டேன்லா?"

"ஆமா."

"தெரியாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. "பூட்டு கெடந்துச்சுன்னு நானும் எழுதிட்டு வந்துட்டேன். ஏழரைக்கு ஒரு தடவை போயிருக்கலாம்," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் இருவரும் படிவங்களோடு அந்தத் தெருவுக்குப் போனோம். நான்கு பேர் எழுதித் தந்தார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாள். அக்கா வீட்டில் மகள் இருந்தாள். அம்மாவுக்கும் தனக்கும் அவளே நிரப்பினாள். அக்கா என்ன ஏது என்று பார்க்காமல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தெருமுனைவரை மகள் கூட வந்தாள். வீட்டுக்கு ஒரு வேலை என்பதெல்லாம் நடக்காது, அம்மாவிடம் நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும் என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றாள். "நானும் சொல்லல. அம்மா ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோசமா இருந்துச்சு."

வீட்டுக்கு ஒரு வேலை என்று சொன்ன கட்சிதான் ஜெயித்தது. வேலை எந்த வீட்டுக்கும் வரவில்லை. டிகிரி முடித்த மகள் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். பேருந்து, தங்கும் இடம் எல்லாம் கம்பெனியே கொடுக்கிறதாம், வேலை மட்டும் வருஷா வருஷம் ஒப்பந்தம்.

அக்கா இன்னும் என் பிரிவில்தான் பண்டல் கட்டுகிறாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், அம்மாவின் முதியோர் பென்ஷனுக்கு எங்கே எழுதிக் கொடுக்கவேண்டும் என்று என்னிடம் கேட்க எழுந்தாள். அக்கா அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவியட்ட எதுக்குட்டி கேக்க? தாலுகா ஆபீஸ்லயே போயி கேப்போம். நானும் வாரேன்."

நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.