அபாங்குக்காக நான் எழுதிய அறிக்கைகள்

லண்டன் கல்லூரி ஒன்றின் மாணவர் நலப்பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தூரதேசத்துப் பூர்வகுடி மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்பதற்கு அங்கே ஒரு தடித்த வழிகாட்டி உண்டு. துணை மாணவரை நியமிப்பது எப்படி, அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும், அதை யார் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்கிற பகுதிகளை எழுதியது நான்தான். படித்தார்களா என்று கேட்பதை ஏழெட்டு வருடத்திலேயே நிறுத்திவிட்டேன். அந்த வேலையில் எனக்கு முன் அனுபவமும் இருந்தது. முதல் ஐந்து அறிக்கைகளை ஒன்பது வயதில் எழுதியிருந்தேன்.

அப்போது நாங்கள் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமில் குடியிருந்தோம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் நூலகத்தில் எழுத்தர் வேலை. சித்தப்பா எங்களோடு தங்கி அதே கல்லூரியில் பொறியியல் படித்தார். படித்தார் என்பது அவர் ஊருக்குக் கடிதம் எழுதும்போது பயன்படுத்திய சொல். அந்த வருடம் சரவாக்கின் ஆற்றங்கரை நீள்வீடு ஒன்றிலிருந்து ஈபான் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் உதவித்தொகையில் வந்து சேர்ந்தார். அவருடைய ஆட்களில் யாரும் அந்த ஆற்றைவிட்டு அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. இப்படிப்பட்டவருக்குப் பண்பாட்டுத் துணை தேவை என்று நலக்குழு கூடி முடிவெடுத்தது. பதிவேட்டில் மலேசியா என்று போட்டிருந்த மற்றவர்களைத் தேடினார்கள், நாங்கள் அகப்பட்டோம். ஈப்போவுக்கும் சரவாக்குக்கும் நடுவில் ஒரு கடல் இருப்பதையோ, எங்களில் ஒருவர்கூட அதைத் தாண்டியதில்லை என்பதையோ கேட்கப் படிவத்தில் இடமில்லை. சித்தப்பா துணை மாணவர் ஆனார். நாங்கள் பண்பாட்டுக் குடும்பம் ஆனோம்.

அந்த ஈபான் மாணவர் எங்கள் வீட்டுக்கு மொத்தம் இரண்டுமுறை வந்தார். அம்மா அவரோடு கடைத்தெரு மலாயில் பேசினாள். அண்ணன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால் அவரை ‘அபாங்’ என்று கூப்பிடச் சொன்னாள். அம்மாவின் சாம்பாரை அவர் மருந்தைப்போல மரியாதையாகக் குடித்தார். விடுதியில் அறைக் கதவைத் திறந்தே வைத்துத் தூங்குகிறார் என்று காப்பாளர் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். அது தீத்தடுப்புக் கதவு, மூடியே இருக்கவேண்டும். தன் ஊரில் வரிசையாக முப்பது குடும்பம் ஒரே கூரையின் கீழ், பொதுக்கூடத்தைப் பார்த்தபடி இருப்பதாகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டால் யார்மேல் கோபம் என்று விசாரிக்க வந்துவிடுவார்களாம். இங்கே சாத்தினால் யாரும் வருவதில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் சிரித்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சித்தப்பா அறிக்கை தரவேண்டும். நான்கு கேள்விகள். மாணவர் எப்படி இருக்கிறார், சேர்ந்து என்ன செய்தீர்கள், ஏதாவது கவலை உண்டா, கல்லூரி அறியவேண்டியது ஏதேனும் உண்டா. பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல், பருவம் முழுவதற்குமான ஐந்து படிவங்களையும் சமையலறை மேசையில் என் முன்னால் பரப்பினார்.

“நீதான் வகுப்புல நல்லா கதை கட்டுவியாமே. எழுது. அவன் எப்பப் பாரு சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கான், நல்லாயிருக்கான்னு போடு. தேதிய மட்டும் விட்டுரு, நான் போட்டுக்கறேன்.”

என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும். ஒரே பதிலை ஐந்துமுறை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்றில் அவரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். ஒன்றில் எங்கள் வீட்டில் தோசை சுட்டார். நான்காவதில் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போய், யானைக்குட்டி தண்ணீர் பீய்ச்சியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கவைத்தேன். கடைசிக் கேள்விக்கு ஐந்திலும் ‘இல்லை’. சித்தப்பா படித்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சாக்லேட் தந்தார்.

அதன்பிறகு நடந்ததைப் பல வருடம் கழித்துச் சித்தப்பாவே சொன்னார். மூன்றாவது அறிக்கை போன பிறகு அபாங்குக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய தகப்பனார் இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வழக்கப்படி துக்கம் முடிக்கும் சடங்கு நடக்கும்வரை ஆட்டமில்லை, பாட்டில்லை, வண்ண உடையில்லை. சடங்கு ஆற்றங்கரையில், இவர் லண்டனில். சித்தப்பா தோளைத் தட்டி வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா, அறிக்கையில் என்ன எழுதினாய் என்று கேட்பார். அந்த வாரம் நான்காவது படிவத்தில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்.

அபாங் ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே இருந்தார். காப்பாளர் முதன்முறையாக அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதினார். பிறகு உதவித்தொகையை நிறுத்துவதா என்று தீர்மானிக்க ஒரு விசாரணை வைத்தார்கள். பண்பாட்டுக் குடும்பத்துக்கும் அழைப்பு வந்தது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் போனேன்.

விசாரணைக் குழுவின் தலைவர் ஒரு பெண்மணி. கோப்பைப் புரட்டிக்கொண்டே, தகப்பனாரின் மறைவுக்காகத் துக்கம் காத்ததாக மாணவர் விளக்கம் எழுதியிருக்கிறார் என்றார். உண்மையான துக்கத்துக்கு விடுப்பு கொடுக்க விதி இருக்கிறதாம். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சித்தப்பா பக்கம் குனிந்து, “உனக்குத் தெரியுமா தம்பி?” என்று கேட்டாள்.

“தெரியாது அண்ணி.”

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வியும் பதிலும் அபாங்குக்குப் புரிந்திருக்கவேண்டும். சித்தப்பாவை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார்.

தலைவி அடுத்த தாளை எடுத்து வாசித்தார். என் வாக்கியங்கள். பெரியவர்கள் அறையில், பெரியவர்கள் குரலில், என் யானைக்குட்டி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தகப்பனார் இறந்த செய்தி வந்த அதே வாரத்தில் நீங்கள் இந்தக் குடும்பத்தோடு மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சிரித்தது உண்மையா என்று அவர் அபாங்கிடம் கேட்டார். அப்பா திடுக்கிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவின் முகத்தில் நிறமே இல்லை. பொய் அறிக்கை கொடுத்த துணை மாணவரைக் கல்லூரியைவிட்டே நீக்கிவிடுவார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

அபாங் தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன்.

“உண்மைதான், மேடம். அன்றைக்கு மழை பெய்தது” என்றார்.

மழையை நான் எழுதவில்லை. அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது.

பருவம் முடிந்ததும் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடந்த அன்று அறையைவிட்டு வெளியே வரும்போது நான் ஓடிப்போய், “அபாங், யானை பிடிச்சிருந்துச்சா?” என்று அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, பிடித்திருந்தது என்றார். மிருகக்காட்சிசாலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.