ஏழு பஞ்சுத் தொப்பிகள்

எங்கள் கபடி அணிக்குத் தலைக்கவசம் வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான். பொறியியல் முடித்து, வெளியூரில் நாலைந்து வருடம் இருந்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, வேறு வேலை தேடுகிற பெயரில் கைப்பேசியில் உலகத்து விளையாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காலம். ரக்பி ஆடுகிறவர்கள் மாட்டும் நுரைப்பஞ்சுத் தொப்பியைக் கண்டதும் கை பரபரத்தது. இணையத்தில் ஏழு வரவழைத்துவிட்டேன்.

"ஏலே, கபடி ஆடவா வந்திருக்கோம், கெணத்துக்கு வெடி வைக்கவா?" என்று சிரித்தான் எங்கள் கார்னர்காரன். பாடி வருகிறவனின் கணுக்காலை ஓரத்திலிருந்து பாய்ந்து பிடிப்பது அவன் வேலை. என் பள்ளித் தோழன். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத் தேர்வுக்குக் காத்திருந்தான். வயது வரம்பில் அதுதான் அவனுக்குக் கடைசி வருடம். விளையாட்டை விடச் சொன்னால் கேட்க மாட்டான். அவன் தலைக்காகத்தான் முக்கியமாக வாங்கினேன்.

அதுவரை பாயும்போது எல்லோரும் தலையைக் காலுக்கு வெளிப்பக்கம் ஒதுக்கிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; முழங்கால் பட்ட வலி கற்றுக்கொடுத்தது. தொப்பி வந்ததும் வலி போயிற்று. இரண்டே வாரத்தில் அவன் தலையை நேராக நீட்டிப் பாய ஆரம்பித்தான்.

"மக்கா, இது இருந்தா லாரியவே மறிச்சிருவேன்!"

நான் அதை வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டிப் பாராட்டினேன். எங்கள் கேப்டன் மட்டும் முகம் சுளித்தார். "தம்பி, பயலுவ தலைய ஒதுக்கவே மாட்டேங்கானுவ."

"அதுக்குத்தான அண்ணாச்சி தொப்பி?"

பஞ்சு தோல் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மாட்டியவர்கள் கூடுதல் துணிச்சலோடு மோதவும் கூடும் என்று நான் கைப்பேசியில் படித்திருந்தேன். பாதிவரை படித்தேன் என்பதே சரி. என் யோசனையைக் கெடுக்கிறதே என்று விரலால் தள்ளிவிட்டேன்.

புளியங்குடிப் பக்கம் ஒரு போட்டி. "கழட்டுங்க தம்பி, இதுக்கெல்லாம் இங்கன அனுமதி கெடையாது" என்றார் நடுவர். ஏழு தொப்பிகளும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த என் மடிக்கு வந்தன. பழக்கத்தை யார் கழற்றுவது? இரண்டாம் பாதியில் அவன் வெறுந்தலையோடு நேராகப் பாய்ந்தான். பாடி வந்தவனின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இறங்கியது. எழுந்தவன் எதிரணிப் பக்கம் போய் நின்றுகொண்டான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் வாந்தி எடுத்தான்.

ஓடவே கூடாது என்றார் மருத்துவர். மூன்றாவது வாரம் ஓட்டத் தேர்வு. பேச்சைக் கேட்காமல் போனான்; பாதி தூரத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வெளிச்சம் கூசுகிறதென்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"அந்த நடுவர்தாம்ல கெடுத்தான். நீ வாங்கித் தந்தத மாட்டியிருந்தா எனக்கு இப்படி ஆயிருக்குமா?"

சொல்ல வேண்டியது அத்தனையும் வாய்வரை வந்தது.

"ஆமால" என்றேன்.