படந்தான் போகும்

இதைக் கையிலெடுத்து வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதற்கு மேல் அறிந்த எழுத்தெல்லாம் நானாகத் தேடிப் படித்தது. ஆகவே என் வாக்கியம் எங்கேனும் இடறினால் பொறுத்தருள வேண்டும்.

சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டவளையிலிருந்து பஸ் ஏறி, ஹட்டனில் ஒரு மாடி மண்டபத்தில் நடக்கும் புகைப்பட, ஓவிய வகுப்புக்கு மாணவியாகப் போய்வருகிறேன். உடன் படிப்பவர்கள் என் பேரப்பிள்ளைகளின் வயதினர். நான் படியேறி மூச்சு வாங்கி உட்காருவதற்குள் பாடத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. பார்ப்பது எப்படி என்பதை இந்த வயதில் ஏன் படிக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவும் இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது.

சென்ற வகுப்பில் ஆசிரியை ஓர் இளம் ஓவியரின் வேலைகளைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினார். பழைய தேயிலை டின்களிலும் விளம்பரத் தட்டிகளிலும் வந்த கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களை அவர் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறார். முகம் இருந்த துளையின் வழியே பின்னாலுள்ள சுவர் தெரிகிறது. "இது தேயிலை விற்றவர்கள் ஒட்டவைத்த சிரிப்பு. ஆகவே அகற்றிவிட்டேன்" என்பது அவருடைய விளக்கம். அது விடுதலையா, இரண்டாம் முறை செய்த கொடுமையா என்று பிள்ளைகள் வெகுநேரம் வாதாடினார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

அடுத்த படம் வந்தது. சிவப்புச் சேலை கட்டி, கூடை சுமந்த ஒரு பெண். முகம் இல்லை. இடுப்பருகே சேலை மடிப்பைப் பற்றியபடி பின்னாலிருந்து நீண்ட சிறு விரல்கள் மட்டும் தெரிந்தன.

பக்கத்திலிருந்த மாணவி என் பக்கம் சாய்ந்தாள். "ஆன்ட்டி, அந்த வெரலப் பாத்தீங்களா? அது யாரோடதுன்னே யாருக்கும் தெரியாதாம். அதுதான் இந்தப் படத்துக்கே அழகு."

அந்த விரல்கள் என்னுடையவை. அந்தப் பெண் என் அம்மா. இதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். முழங்கால் வலித்தது, சொல்லவில்லை. ஏதேனும் ஒரு படத்தைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதிவர வேண்டும் என்று ஆசிரியை கேட்டிருப்பதால் இங்கே சொல்லுகிறேன்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் படம் என்பது ஒரே காரியத்துக்காகத்தான் எடுக்கப்பட்டது. இலங்கை, இந்திய அரசுகள் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்த குடும்பங்கள் ஹட்டன் ஸ்டூடியோவுக்குச் சென்று, பாஸ்போட்டுக்காக எல்லோருமாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். படம் எடுத்தாயிற்று என்றால் பயணம் உறுதி. ஆகவே காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் "எப்பப் போறீங்க?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. "படம் புடிச்சாச்சா?" என்றே கேட்பார்கள். "புடிச்சாச்சுங்க" என்று பதில் வந்தால் கேட்டவர் தலையைக் குனிந்துகொள்வார். மறுநாளே அந்த வீட்டுக் கோழிகளை விலைக்குப் பார்த்துப்போக ஆள் வந்துவிடும்.

அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவும் படம் பிடித்தார், போனார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் நகரும்போது ஜன்னலுக்கு வெளியே பாதி உடலை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயும் சீக்கிரம் ஒரு படம் புடிச்சு..." என்று கத்தினார். மீதிச் சொற்களை அழுகையும் கோச்சிச் சத்தமும் விழுங்கிவிட்டன. எனக்குக் கேட்டது போதுமானதாக இருந்தது. சின்னம்மா என் அம்மாவையும் அங்கே வரச்சொல்லுகிறார் என்று விளங்கிக்கொண்டேன். படப் பெட்டிக்குள் முகம் போனவர் ஊரில் தங்கமாட்டார் என்பது என் முடிவு. அதற்கு மாறான ஓர் உதாரணத்தை நான் கண்டதில்லை.

அதன் பிறகு வந்த ஒரு மாலையில் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவிலிருந்த மாமி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"என்னா மதினி, நாளைக்கு ஒன்னய படம் புடிக்கப் போறாங்களாமே? கொழும்புலருந்து ஆளு வருதாம்ல. தேயில டின்னுல போடவாம்."

"ஆமாங்க மதினி. வெத்தல போடாத வாயி இவ ஒருத்திக்குத்தான்னு கணக்கப்புள்ள கையக் காட்டிவிட்டுட்டாரு."

"அப்ப என் செவப்புச் சேலயக் கட்டிக்க. அதுல மட்டும் கற பட்டுச்சு, ஒன்னய நானே இந்தியாவுக்குக் கோச்சி ஏத்திவிட்ருவேன், பாத்துக்க."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த என் காதில் படமும் இந்தியாவும் மட்டுமே விழுந்தன. டின் கின் என்றதெல்லாம் என் காதில் நிற்கவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, உடைந்த கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளையை விட்டுப் போகிறவர் இத்தனை மகிழ்ச்சியாகவா போவார் என்று எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையேறிப் போனேன். அங்கே கறுப்புப் பெட்டியைக் காலூன்றி நிறுத்தி, வானத்தைப் பார்த்துச் சலித்தபடி கொழும்பிலிருந்து வந்த சிங்கள ஐயா, எங்கள் சொல்லில் மாத்தையா, நின்றார். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அம்மாவை அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ, மொதல்ல இடுப்புல கட்டுன அந்தப் படங்க அவுத்துப் போடு. சாக்கு மூட்டையவா படம் புடிக்க வந்திருக்காங்க?"

மழைக்கும் முள்ளுக்கும் கட்டும் படங்குச் சாக்கு இல்லாமல் அம்மாவை நான் மலையில் கண்டதே இல்லை. யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது வழிதவறி வந்தவர் போல் இருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரி புள்ள, தொர பங்களா விருந்துக்கு வந்த மாதிரி சிரி" என்றார் கணக்கப்பிள்ளை.

"அந்த விருந்துக்கு நம்மள எப்பங்க கூப்புட்டாங்க?" என்றது நிரையில் நின்ற ஒரு குரல். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

நான் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடிப் பின்னாலிருந்து அம்மாவின் சேலையைப் பற்றினேன்.

"நீ எங்கடி இங்க வந்த?"

"போகாதம்மா."

"எங்கடி போறாங்க?"

"படம் புடிச்சா நீ போயிருவ. சின்னம்மா போன மாதிரி போயிருவ."

அம்மா திரும்பாமலே, மெல்லிய குரலில் சொன்னார். "நான் போகல தாயி. படந்தான் போகும். ஒஞ் சின்னம்மாகிட்ட."

அந்தக் கணத்தில் பெட்டி சத்தமிட்டது. "ஆங், அதுதான் சிரிப்பு!" என்று கணக்கப்பிள்ளை கை தட்டினார். நான் கூடைக்குப் பின்னால் இருந்ததால் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

பெட்டியின் கால்களை மடக்கிக்கொண்டிருந்த மாத்தையாவிடம் அம்மா போய், தமக்குத் தெரிந்த சிங்களத்தில், "மாத்தையா, மட்டத் எக்கக்" என்றார். எனக்கும் ஒன்று என்பது பொருள். அவர் நிமிர்ந்து பாராமல், "ஹரி, ஹரி" என்றார். சரி என்று அவர் சொன்னதும் நான் அலறிவிட்டேன். அம்மா தமக்கும் ஒரு கோச்சி டிக்கட் கேட்கிறார், அவரும் தருவதாகச் சொல்லிவிட்டார் என்றே எண்ணினேன். நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் மலையே சிரித்தது.

அதன் பின்னர் வேலை விட்டு வந்ததும் அம்மா வாசலில் நின்று கீழே வளைந்து செல்லும் ரோட்டைப் பார்க்கலானார். நானும் அருகில் நின்று அதே ரோட்டைப் பார்த்தேன். ஒரு வாகனச் சத்தம் கேட்டால் அம்மா ஓரடி முன்னே வைப்பார், நான் சேலையை இறுகப் பிடிப்பேன். பெரட்டில் கணக்கப்பிள்ளையைக் கேட்டால், "வரும், வரும்" என்பார். அது வரவே கூடாதென்று தோட்டத்து மாரியம்மனிடம் நான் நாள்தோறும் வேண்டினேன். எங்கள் குடும்பத்தின் வேண்டுதல்களில் தடையின்றி நிறைவேறியது அது ஒன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்து ஹட்டனில் நானா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவருடைய கடையின் கண்ணாடி அலுமாரியில் அந்தப் படத்தை டின் டின்னாக அடுக்கியிருக்கக் கண்டோம். வெளிநாட்டுக்குப் போகும் தேயிலை என்றார் நானா. அதற்குள் சின்னம்மாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. அங்கே எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

"ஒன்னு வாங்குவோமாம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கி யாருக்கு அனுப்ப?" என்றார் அம்மா. பிறகு கண்ணாடியருகே குனிந்து பார்த்துவிட்டு, "படத்துல பல்லு நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லி நடந்தார்.

அந்த ஓவியர் மேல் எனக்குக் குறையில்லை. எங்கள்மேல் கொண்ட அக்கறையினால்தான் பிளேடை எடுத்தார் என்பதை அறிவேன். ஆனால் அவர் வெட்டிய சிரிப்பு விற்றவர்களுடையது அன்று. அவர்களால் அதை வரவழைக்க முடியவில்லை. கடல் கடந்து இருந்த ஒருத்திக்காக அது வந்தது. உலகமெல்லாம் போன அது அவளிடம் மட்டும் போய்ச் சேரவில்லை. அம்மாவும் நானும் வாசலில் நின்று பார்த்தது ஒரே ரோட்டை. நான் டிக்கட்டென்று எண்ணி எது வந்துவிடுமோ என்று நடுங்கினேனோ, தங்கைக்கு அனுப்ப அந்தப் படம் வராதா என்றே அம்மா காத்திருந்தார் என்பது சேலையைப் பிடித்திருந்த சிறுமிக்குத் தெரியவில்லை.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். முகத்தைத் திரும்ப ஒட்டும்படியும் கேட்கவில்லை. அந்தப் படம் எங்கே வைக்கப்படுகிறதோ, அங்கே இந்தக் குறிப்பையும் அருகில் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.