மறுதாம்புக் கரும்பும் sh -x உம்

அரவைப் பருவம் முடியும் தறுவாயில், அபிஷேகப்பாக்கத்து விவசாயி தணிகாசலம் எங்கள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றார். எண்பதுகளின் கடைசி, நான் அந்தச் சர்க்கரை ஆலையில் ஆபரேட்டர். யார் கரும்பை எப்போது வெட்டுவது என்பதை அந்தப் பருவத்திலிருந்துதான் யூனிக்ஸ் மெஷினில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் முடிவு செய்தது.

"எனுக்கு வெட்டு ஆர்டரே வர்லம்மா. கரும்பு பூத்துப்போச்சு. மில்லு மூடிட்டா நான் இன்னா பண்றது?"

பின்னாலேயே வந்த கரும்பு மேனேஜர், "கம்ப்யூட்டர் போட்ட ஆர்டர்ல தப்பு வராதுபா. உன் முறை வரும், போ" என்றார். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதேயில்லை; அதனால்தான் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன் சார்."

பிழைச் செய்திகள் திரையில் கொட்டுகின்றன என்று மேனேஜர் சத்தம் போட்டதால், தினமும் அவற்றை மறைத்துத்தான் ஓட்டுவோம். அன்று மறைக்கவில்லை. முதலில் sh -n கொடுத்தேன். அது எதையும் ஓட்டாமல், எழுதிய விதம் சரியா என்று மட்டும் பார்க்கும். குறை சொல்லவில்லை. அடுத்து sh -x. இது ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டும்போதே, உள்ளே போன மதிப்போடு திரையில் காட்டும். தணிகாசலத்தின் முறை வந்தது. கரும்பின் வயதைக் கணக்கிட நடவு தேதி வேண்டும்; அது இருக்கவேண்டிய இடம் காலி. ஸ்கிரிப்ட் ஒரு பிழையைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

"உங்குது நடவுக் கரும்பா, மறுதாம்பா?"

"மறுதாம்பும்மா. போன வருசம் வெட்டின கட்டையில துளுத்தது."

நடாத கரும்புக்கு நடவு தேதி ஏது? வயல் வயலாகப் போய் விவரம் எழுதிவரும் ஆலையின் ஃபீல்டுமேன் நியாயமாகத்தான் காலியாக விட்டிருந்தார். திரையில் மறுதாம்புக்காரர்கள் எல்லோரும் அதேபோல் விடுபட்டுக்கொண்டே போனார்கள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு மட்டும் கையால எழுதிக் குடுத்துடலாம்மா. மத்தவங்க யாரும் கேக்கலையே."

"கேக்கலன்னா கரும்பு காயாதா சார்?"

நடவு தேதி இல்லையென்றால் போன வெட்டுத் தேதியை எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்து, எல்லோருக்கும் ஆர்டர் அச்சடித்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். -n வாய் திறக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எழுந்து போய்விடாதீர்கள். ஒருமுறையாவது -x போட்டு உட்கார்ந்து பாருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

தாளைக் கிழித்துக் கொடுக்கும்போது தணிகாசலத்திடம் கேட்டேன்: "மத்தவங்க ஏன் வந்து கேக்கல?"

"கம்ப்யூட்டரே இல்லன்னுடுச்சுன்னாங்கம்மா. அதுக்கு மேல யார்கிட்ட போயி கேக்கறது? எங்க ஊர்ல ரெண்டு பேரு வெட்டி மாட்டுக்குப் போட்டுட்டாங்க."

அவர்களுடைய ஆர்டரும் என் கையில் இருந்தது.